முன்னோட்டத்தில் பிறந்த நாயகன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கதை தோன்றிய பின்னரே கதைத்தலைவன் தோன்றுகிறான் என்பது இலக்கியம் பயில்வோர் பெரிதும் ஐயுறாத ஓர் எண்ணம். தலைவன் முதலில் தோன்றி, அவனுக்குரிய கதைக்காக மக்கள் மூன்றாண்டுக்கு மேல் காத்திருந்த நிகழ்ச்சி ஒன்று அமெரிக்கத் திரையுலகில் நடந்தது. காத்திருந்தவர்கள் அத்தலைவனைக் குறித்து எழுப்பிய வினாவும் புதுமையானது: "இவன் முன்பு குழந்தைகள் படத்தில் வந்த பெரியப்பாதானா, அல்லது பெயரளவில் ஒத்த வேறொருவனா?" திரைப்பட விரும்பிகளின் பொழுதுபோக்கு வினாவாகத் தோன்றும் இதனுள், கதைமாந்தர் யாருக்கு உரியவர், பெயரற்றவர்க்குப் பெயர் எவ்வாறு கிட்டுகிறது என்னும் இரண்டு பெரிய வினாக்கள் அடங்கியுள்ளன. இவ்வுரையின் பொருள் அவையே.

எடுக்கப்படாத படத்தின் முன்னோட்டம்

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் 'கிரைண்ட்ஹவுஸ்' என்னும் இரட்டைப் படம் அமெரிக்காவில் வெளியாயிற்று. ராபர்ட் ரோட்ரிகஸ் இயக்கிய 'பிளானட் டெரர்', குவென்டின் டாரன்டினோ இயக்கிய 'டெத் ப்ரூஃப்' ஆகிய இரண்டும் ஒரே நுழைவுச் சீட்டுக்கு அடுத்தடுத்துக் காட்டப்பட்டன. மலிவான படங்களை ஓயாது ஓட்டிய பழைய கொட்டகைகளுக்கு வழங்கிய பெயரே கிரைண்ட்ஹவுஸ் என்பது. நியூயார்க்கின் 42ஆம் தெரு அத்தகைய கொட்டகைகளுக்குப் பேர்போனது. அக்காலத்தின் மணத்தை மீட்பதற்காகப் புதிய படச்சுருளில் வேண்டுமென்றே கீறல்களை ஏற்றினர். இடையில் ஒரு சுருள் காணாமற் போய்விட்டதாக அறிவிப்பும் வைத்தனர். அதனோடு, எடுக்கப்படாத படங்களுக்குப் பொய்யான முன்னோட்டங்களையும் இணைத்தனர். அவற்றுள் முதலில் வந்தது 'மச்செட்டே'.

புதர் களையவும் கரும்பு வெட்டவும் லத்தீன் அமெரிக்க உழவர்கள் கையாளும் நீண்ட வெட்டுக்கத்திக்கு மச்செட்டே என்று பெயர். அதுவே நாயகனின் பெயரும் ஆயிற்று. மெக்சிகோ நாட்டின் காவல்துறையில் இருந்தவன். இப்போது டெக்சஸில் அன்றாடக் கூலி. கோட்டு அணிந்த ஒருவன் ஒரு செனட்டரைச் சுட்டுக் கொல்ல அவனைக் கூலிக்கு அமர்த்தி, பின்னர் அவனையே காட்டிக்கொடுக்கிறான். ஏமாற்றப்பட்டவன் திரும்பி வருகிறான். சில நிமிடங்களில் இவ்வளவும் கூறப்பட்டுவிட்டது. இரட்டைப் படம் வணிகத்தில் தோற்றது. ஆனால் அதில் இல்லாத படத்தை மக்கள் கேட்கத் தொடங்கினர்.

இவ்வகைப் படங்களுக்கு அங்கே 'எக்ஸ்ப்ளாய்ட்டேஷன்' படங்கள் என்று பெயர். மக்களின் அச்சத்தையும் ஆசையையும் சினத்தையும் சிறு முதலில் காசாக்கும் படங்கள் என்று விளக்கலாம். மிகைதான் அவற்றின் இலக்கணம். அவ்வணிகத்தில் சொல் முதலிலும் பொருள் பின்னுமாக அமைவது வழக்கமே. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனம் படத்தின் தலைப்பையும் சுவரொட்டியையும் முதலில் உருவாக்கி, அவை விலைபோகும் என்று தெரிந்த பின்னரே கதை எழுதச் செய்ததுண்டு. பாம் கிரியர் நடித்த 'காஃபி' 1973இல் வெற்றி பெற்றது. அதன் தொடர்ச்சியாக எழுதப்பட்ட கதையை, தொடர்ச்சி வேண்டாம் என்று அந்நிறுவனம் இறுதி நேரத்தில் முடிவு செய்ததால், நாயகியின் பெயரை மாற்றி 1974இல் 'ஃபாக்ஸி பிரவுன்' என வெளியிட்டனர். அவ்விரு பெண்களும் ஒருத்தியா இருவரா என்னும் வினாவுக்கு விடை கதைக்குள் இல்லை. கணக்கரின் மேசையில் இருந்தது. மச்செட்டேயின் வினாவுக்கு மூத்த வினா இது.

பெயரற்ற முகம்

மச்செட்டேயாக நடித்தவர் டேனி ட்ரெஹோ. 1944இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். இளமையின் பெரும்பகுதியைச் சிறைகளில் கழித்தவர். சான் க்வென்டின் சிறையில் குத்துச்சண்டையில் வாகை சூடியவர். 1969இல் விடுதலையான பின், போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர்க்கு வழிகாட்டும் பணியை மேற்கொண்டார். அப்பணியின் பொருட்டு, உதவி கேட்ட ஒருவரைக் காண 'ரன்அவே ட்ரெய்ன்' (1985) படப்பிடிப்புக்குச் சென்றார். சிறையில் அவரை அறிந்திருந்தவரும் அப்படத்தின் எழுத்தாளர்களுள் ஒருவருமான எட்வர்ட் பங்கர் அங்கே அவரை அடையாளம் கண்டார். நடிகருக்குக் குத்துச்சண்டை பயிற்றும் வேலை கிட்டியது. அப்படியே திரையிலும் தோன்றினார்.

அதன் பின்னர் இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் ஏற்ற வேடங்கள் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை கைதி, கொலைஞன், அடியாள் என்பனவே. தழும்பேறிய அந்த முகத்துக்குத் திரையில் வேலை இருந்தது, பெயர் இல்லை. கதைத்தலைவனின் வீரம் விளங்குவதற்காக முதலில் சாகும் மனிதனுக்கு மனைவி யார், உடன்பிறந்தார் யார் என்று எந்தக் கதையும் கேட்பதில்லை.

அம்முகத்துக்குப் பெயர் வந்த வழி கவிஞர்கள் கூர்ந்து நோக்கத்தக்கது. ரோட்ரிகஸின் 'டெஸ்பராடோ'வில் (1995) ட்ரெஹோ வாய் திறவாது கத்தி வீசும் கொலைஞன், பெயர் நவாஹாஸ். அச்சொல் மடக்குக் கத்திகளைக் குறிக்கும். அடுத்து 'ஃப்ரம் டஸ்க் டில் டான்' படத்தில் (1996) அவர் சவரக்கத்தி சார்லி. பின்னர் மச்செட்டே. மடக்குக் கத்தி, சவரக்கத்தி, வெட்டுக்கத்தி என்று பெயர் வளர்ந்து செல்கிறது. முதலிரண்டும் அடியாளின் படைகள்; மூன்றாவது உழைப்பாளியின் கருவி. மச்செட்டே என்னும் நாயகனைப் பற்றிய எண்ணம் 'டெஸ்பராடோ' எடுத்த காலத்திலேயே தமக்குத் தோன்றியதாக ரோட்ரிகஸ் கூறியுள்ளார். அப்படப்பிடிப்பின்போதுதான் தாங்கள் இருவரும் உறவினர் என்பதையும் அவர்கள் அறிந்தனர்.

ஓர் உலகமா, ஈருலகமா?

முன்னோட்டம் வருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே மச்செட்டே திரைக்கு வந்துவிட்டான் என்பதுதான் இதில் வியப்பு. 2001இல் ரோட்ரிகஸ் குழந்தைகளுக்காக 'ஸ்பை கிட்ஸ்' என்னும் படத்தை எடுத்தார். ஒற்றர்களான பெற்றோரை மீட்கும் கார்மென், ஜூனி என்னும் அக்காள் தம்பியின் கதை அது. அவர்களின் தந்தை கிரெகோரியோ கோர்ட்டெஸாக அன்டோனியோ பாண்டெராஸ் நடித்தார். தந்தையோடு பிணங்கிப் பிரிந்து வாழ்பவரும், ஒற்றர்க்குரிய விந்தைக் கருவிகளைச் செய்பவருமான பெரியப்பா இசடோர் கோர்ட்டெஸ் என்னும் மச்செட்டேயாக ட்ரெஹோ நடித்தார். அவரது வாழ்வில் உடன்பிறந்தாரும் தம்பி மக்களும் உள்ள வேடம் ஒன்று அவ்வாறு குழந்தைகள் படத்தில் கிட்டியது.

ஆகவே 2007 முதல் 2010 வரை காத்திருந்தோர் நடுவே வினா எழுந்தது இயல்பே. இரண்டும் ஒரே கதையுலகம் என்பார்க்குச் சான்றுகள் உண்டு. இயக்குநர் ஒருவரே, நடிகர் ஒருவரே, பெயரும் ஒன்றே, கோர்ட்டெஸ் என்னும் குடும்பப் பெயரும் ஒன்றே. 2010 செப்டம்பர் 3ஆம் நாள் 'மச்செட்டே' வெளிவந்த பின்னரும், 2011இல் வந்த நான்காம் 'ஸ்பை கிட்ஸ்' படத்தில் பெரியப்பா மீண்டும் தலைகாட்டினார்.

வேறு உலகம் என்பார்க்கோ இன்னும் வலிய சான்றுகள் உண்டு. ஜூனியாக நடித்த டேரில் சபாரா, 2010ஆம் ஆண்டுப் படத்தில் ஹூலியோ என்னும் வேறோர் இளைஞனாக வருகிறார். கார்மெனாக நடித்த அலெக்ஸா வேகா, 2013இல் வந்த 'மச்செட்டே கில்ஸ்' படத்தில் ஆயுதம் ஏந்திய வேறொரு பெண்ணாக வருகிறார். தம்பியாக நடித்த பாண்டெராஸும் அப்படத்தில் உருமாறித் திரியும் கூலிக் கொலைஞனுக்கு ஒரு முகமாகிறார். உலகம் ஒன்றே எனின், தம்பி மக்களையும் தம்பியையும் கண்முன் கண்டும் அறியாதவனாகிறான் மச்செட்டே.

ரோட்ரிகஸும் டாரன்டினோவும் இத்தகைய முடிச்சுகளை அவிழ்க்க முற்பட்டதில்லை. எர்ல் மெக்ரா என்னும் டெக்சஸ் காவலர் 'ஃப்ரம் டஸ்க் டில் டான்' படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். மைக்கேல் பார்க்ஸ் நடித்த அதே மெக்ரா 'கில் பில்' முதற்பகுதியில் (2003) துப்புத் துலக்குகிறார். 'கிரைண்ட்ஹவுஸி'ன் இரு படங்களிலும் உயிரோடு உலவுகிறார். தம் படங்களுள் சில ஒரு மெய்யுலகில் நிகழ்வன என்றும், வேறு சில அவ்வுலகத்து மாந்தர் கொட்டகைக்குச் சென்று பார்க்கும் படங்கள் என்றும் டாரன்டினோ விளக்கியதுண்டு. அழகிய விளக்கம்; எனினும் இறந்த மெக்ரா எவ்வாறு எழுந்தார் என்பதற்கு அதில் விடை இல்லை.

கணக்கேடும் கதைப்பாட்டும்

இங்கே இருவகைப் பொதுக் கதையுலகங்களைப் பிரித்து அறிதல் வேண்டும். முதல்வகை நிறுவனத்தின் கணக்கேட்டில் வளர்வது. 2008இல் 'அயர்ன் மேன்' படத்தோடு மார்வெல் நிறுவனம் தொடங்கி, 2012இல் 'அவெஞ்சர்ஸ்' படத்தில் ஒன்றுகூட்டிய உலகம் அத்தகையது. யார் எப்போது எங்கே இருந்தார் என்பது அங்கே திட்டமாக எழுதப்பட்டது. ஒரு படம் அடுத்த படத்துக்கு முன்பணம் ஆகிறது. இரண்டாம் வகை வாய்மொழியில் வளர்வது. அங்கே நாளும் கோளும் பொருந்தா. ஆளின் இயல்பு மட்டும் பொருந்தும்.

இரண்டாம் வகை தமிழ் அவைக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மாதவியும் மணிமேகலையும் அடுத்த காப்பியத்தினுள் சென்றது போன்ற ஒழுங்கான தொடர்ச்சி ஒருபுறம் இருக்க, பாரதத்து அருச்சுனன் அல்லி அரசாணி மாலையில் மதுரைக்கு வந்து அல்லியிடம் படும் பாட்டைக் கேட்ட மக்கள், வியாசர் இதைச் சொன்னாரா என்று வினவியதில்லை. இவன் அருச்சுனன்தான் என்பதில் அவர்களுக்கு ஐயமும் இருந்ததில்லை.

டெக்சஸ் எல்லைப்புறத்து மெக்சிக மக்களிடமும் அத்தகைய மரபு உண்டு. 'கொரிதோ' என்னும் கதைப்பாட்டு அது. அதன் புகழ்மிக்க தலைவனின் பெயர் கிரெகோரியோ கோர்ட்டெஸ் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1901 ஜூன் 12ஆம் நாள், குதிரைத் திருட்டு ஒன்றை விசாரிக்க ஷெரிஃப் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். ஆண் குதிரையைக் கைமாற்றினாயா என்னும் பொருள்பட மொழிபெயர்ப்பாளர் கேட்டார்; தாம் கைமாற்றியது பெண் குதிரை ஆதலால் இல்லை என்றார் கோர்ட்டெஸ். ஸ்பானிய மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மொழிபெயர்த்தவர் அவ்வேறுபாட்டை அறியவில்லை. பொய் சொல்கிறான் என்று கருதப்பட்டது, துப்பாக்கிகள் வெடித்தன, கோர்ட்டெஸின் அண்ணன் சுடப்பட்டார், ஷெரிஃப் இறந்தார். பெரும்படை துரத்தியும் பத்து நாள் அகப்படாமல் திரிந்த அம்மனிதரை மக்கள் பாட்டாக்கினர். அப்பாட்டின் பல வடிவங்களையும் அவற்றுக்கு அடிப்படையான நிகழ்ச்சியையும் ஆராய்ந்து அமெரிக்கோ பரேடெஸ் 1958இல் நூலாக வெளியிட்டார். அவர் பணியாற்றிய டெக்சஸ் பல்கலைக்கழகத்திலேயே பின்னாளில் ரோட்ரிகஸ் பயின்றார்.

'ஸ்பை கிட்ஸ்' தந்தைக்கு அப்பெயர் அமைந்தது கொரிதோவை எண்ணித்தான் என்று கூறுவதற்கில்லை. கிரெகோரியோ என்பது ரோட்ரிகஸ் குடும்பத்திலேயே வழங்கிய பெயர். எனினும் அவ்வெல்லைப்புறத்தில் கோர்ட்டெஸ் என்னும் பெயரோடு ஒருவன் ஆயுதம் ஏந்தித் தப்பி ஓடினால், கேட்போர் செவியில் பழைய பாட்டும் சேர்ந்தே ஒலிக்கும். சொல்லொன்று தவறாகக் கேட்கப்பட்டதால் குற்றவாளியான மனிதன் அவன்.

காத்திருப்பின் பொருள் மாறியது

படப்பிடிப்பு 2009இல் நடந்தது. வெளியீட்டுக்குச் சில மாதங்கள் இருந்தபோது, 2010 ஏப்ரல் 23ஆம் நாள் அரிசோனா மாநில ஆளுநர் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். முறையான ஆவணமின்றிக் குடியேறியவர் என்று ஐயுறத்தக்க ஒருவரைப் பிற காரணத்துக்காக நிறுத்தும் காவலர், அவரது குடியேற்ற நிலையையும் ஆராய வேண்டும் என்றது அச்சட்டம். அச்சட்டத்தில் வழக்குக்கு உள்ளான பிரிவுகளுள் பெரும்பாலானவற்றை 2012இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் 2010இன் வேனிலில் அது பெரும் அச்சமாக நின்றது. மெக்சிக மக்கள் கொண்டாடும் மே 5ஆம் நாள் ரோட்ரிகஸ் புதிய முன்னோட்டம் ஒன்றை வெளியிட்டார். அரிசோனாவுக்கு ஒரு செய்தி என்ற முன்னுரையோடு மச்செட்டே தோன்றினான்.

விளையாட்டாகத் தொடங்கிய காத்திருப்பு அன்று வேறாயிற்று. முல்லைத் திணையின் இருத்தல் தலைவன் சொன்ன சொல்லை நம்பி நிற்பது. இங்கே காத்திருந்தோர் நம்பியது ஒரு பொய் முன்னோட்டத்தின் சொல்லை. அச்சொல்லுக்குத் தாங்கள் எண்ணாத பொருளை நாட்டு நிலைமையே தந்துவிட்டது. படம் இனக் கலகத்தைத் தூண்டும் என்று ஒரு சாரார் கண்டித்தனர். டெக்சஸ் மாநிலத் திரைப்பட ஆணையம் அதற்குரிய ஊக்கத்தொகையை 2010 டிசம்பரில் மறுத்தது.

வந்த படம்

வந்த படம் மிகையின் உச்சம். எதிரியின் குடலைக் கயிறாகப் பற்றிக்கொண்டு மருத்துவமனைச் சாளரத்தின் வழியே கீழ்த்தளத்துக்குத் தாவுகிறான் நாயகன். முன்னோட்டத்தில் காட்டிய காட்சிகளை எல்லாம் படத்தில் கொணர வேண்டிய கடப்பாடு இருந்ததால், சில இடங்களில் கதை காட்சியின் பின்னே மூச்சிரைக்க ஓடுகிறது. பெண்களைக் கண்ணுக்கு விருந்தாக்கும் பழைய கொட்டகைப் பழக்கத்தைக் கேலி செய்வதாகக் கூறிக்கொண்டே அப்பழக்கத்தைப் படம் தொடர்கிறது. கேலி என்பது அதற்கு விடையாகாது. இழிவைப் பகடியாகச் செய்தாலும் இழிவுக்கு உள்ளானவர்க்கு அது இழிவே.

ஆயினும் அப்படத்தில் இரண்டு இடங்கள் அதன் எல்லாக் குறைகளையும் தாண்டி நிற்கின்றன. செல்வர் ஒருவரின் வளமனைக்குள் மச்செட்டே தோட்டக் கருவிகளோடு நுழைகிறான். காவலர் தடுக்கவில்லை. தோட்டக்காரன் போன்ற தோற்றம் இருந்தால் யாரென்று கேளாமல் வீட்டினுள் விட்டுவிடுகிறோமே என்று அவர்களே பின்னர்ப் பேசிக்கொள்கின்றனர். காணாமையே அவனுக்குக் கவசமாகிறது. மற்றொன்று இறுதிப் போர். பாத்திரம் துலக்குவோர், தோட்டம் திருத்துவோர், அன்றாடக் கூலிகள் ஆகியோர் தத்தம் தொழிற்கருவிகளோடு களத்தில் இறங்குகின்றனர். இருபத்தைந்து ஆண்டுகள் திரையின் ஓரத்தில் நின்ற முகம், அறுபத்தாறாம் வயதில் நடுவே வந்து நிற்கிறது; தன்னோடு ஓரத்தில் நின்றோரையும் அழைத்து வந்திருக்கிறது.

2013ஆம் ஆண்டின் தொடர்ச்சி இதை மறந்தது. அமெரிக்க அதிபரே குடியுரிமை தருவதாகக் கூறி மச்செட்டேயை மெக்சிகோவுக்கு ஏவுகிறார். கூலியாட்கள் பின்னே மறைந்தனர். ஏவுகணைகள் முன்னே வந்தன. படத்தின் தொடக்கத்திலேயே, மச்செட்டே விண்வெளியில் போர்புரியும் மூன்றாம் படத்துக்கு முன்னோட்டம் காட்டப்பட்டது. அம்மூன்றாம் படம் திரைக்கு வரவில்லை. முதல் முன்னோட்டத்தைப் படமாக்கியது மக்களின் வேட்கை. இம்முறை வேட்கை பிறக்குமுன் வாக்குறுதி விற்பனைக்கு வந்துவிட்டது.

வினாவுக்கு விடை

இவன் அந்தப் பெரியப்பாதானா? நிகழ்ச்சிகளைக் கோத்துப் பார்ப்பவர்க்கு, அல்லன் என்பதே விடை. ஆனால் வினவியவர்கள் வேண்டியது நிகழ்ச்சிக் கோவை மட்டுமன்று. கொலைஞனாக மட்டுமே காட்டப்பட்ட ஒரு முகத்துக்குத் தம்பியும் தம்பி மக்களும் உண்டு என்பதை அவர்கள் ஒரு குழந்தைகள் படத்தில் கண்டிருந்தனர். அந்த உறவை அவனிடமிருந்து மீண்டும் பறித்துவிட வேண்டாம் என்பதே அவ்வினாவின் உட்கிடை. உலகங்கள் இரண்டு, மனிதன் ஒருவன் என்று கொள்வதே அவ்வேட்கைக்குப் பொருந்திய விடையாகும்.

கவிஞர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஒரு பாட்டில் ஓரமாக வந்து போகும் மனிதரை வேறொரு பாட்டில் பெயரிட்டு அழைக்க எழுதுவோர்க்கு உரிமை உண்டு. சில வேளைகளில் அது கடமையும் ஆகும். தேரை ஓட்டியவன், தூது சென்றவள், படையில் பெயரின்றி மடிந்தவன் என்று எல்லா மொழி இலக்கியங்களின் ஓரங்களிலும் மனிதர் நிற்கின்றனர். முரண்படுமோ என்று அஞ்சி அவர்களை ஓரத்திலேயே நிறுத்துவதை விட, முரணோடு நடுவே அழைத்து வருவது மேல். மலிவான கொட்டகைக் கலை அதனை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. உயர்ந்த கலை அதனினும் செம்மையாகச் செய்தல் வேண்டும்.